மீரியபெத்தை: லயம் நின்ற இடம்

வெல்லவாயாவில் பஸ் ஏறி அப்புத்தளைக்கு வருகிறவர்கள் வேர்த்துக்கொண்டு ஏறி, நடுங்கிக்கொண்டு இறங்குவார்கள். வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீற்றர். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். மத்திய மலைநாடு தெற்கே வந்து சட்டென்று முடிகிற விளிம்பு அது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டினால் கொஸ்லந்தை. ஒரு சந்தி, ஓர் ஆஸ்பத்திரி, கொஞ்சம் கடைகள். அங்கிருந்து மலைப்பக்கம் பிரிந்து ஏறும் தோட்டப் பாதையில் இருக்கிறது மீரியபெத்தை. பதுளை மாவட்டம், ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவு.

வெளியூர்ப் பத்திரிகைகளில் இந்தப் பெயர் அடிபட்டதெல்லாம் 2014 ஒக்டோபர் 29க்குப் பிறகுதான். அன்று காலை மலை சரிந்து வந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. இயற்கையின் சீற்றம் என்று எழுதினார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் அதையே எழுதுகிறார்கள். நான் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலைகளிலேயே படிப்பித்து ஓய்வுபெற்றவள். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. மழை பெய்ததும் மண் நகர்ந்ததும் இயற்கை. ஆனால் அந்த மண்ணுக்கு நேர் கீழே ஒரு லயம் ஏன் நின்றது, அதில் இருந்தவர்கள் ஏன் வேறெங்கும் போகவில்லை என்று கேட்டால், பதிலை வானத்தில் தேட முடியாது. அதற்குப் பதுளை மாவட்டம் அடங்கிய ஊவாவின் காணிக் கதையைச் சொல்ல வேண்டும்.

1817இல் வெல்லஸ்ஸைப் பக்கம் வெள்ளையருக்கு எதிராக ஊவா கிளர்ந்தது. மறு வருஷம் அதை அடக்கியபோது வயல்களையும் வீடுகளையும் எரித்தார்கள்; கால்நடைகளை அழித்தார்கள்; ஊர்கள் வெறிச்சோடிப் போயின. அதன் பிறகு 1840இல் 12ஆம் இலக்கக் காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குச் சொந்தம் என்றது அந்தச் சட்டம். பரம்பரையாகச் சேனை வெட்டிப் பயிர் செய்த சிங்களக் குடியானவனிடம் உறுதி எங்கே இருந்தது? அப்படி முடியிடம் சேர்ந்த நிலம், ஆரம்பத்தில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் தோட்டம் போட வந்த வெள்ளையர்களிடம் போனது. மலையைக் கிராமத்தவனிடமிருந்து எடுத்ததும், அந்த மலையில் வேலை செய்ய எங்கள் முன்னோரைக் கொண்டுவந்ததும் ஒரே கையின் வேலை. இதை எங்கள் பிள்ளைகளுக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் பருவத்துக்கு வந்து போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து கண்டி. ஊவாவுக்கு வருகிறவர்களுக்கு அதற்கு மேலும் நடை. வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. இருபது வருஷத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து உண்டு. ஆகவே ஆள் போகக் கூடாது. பெண்டு பிள்ளைகளோடு தங்க வேண்டும். பருவத்துக்குப் போட்ட குடிசைகள் அப்போதுதான் நிரந்தர லயங்களாயின. பிரித்தானிய வியாபாரி லிப்டன் 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். ரெயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1893இல் அப்புத்தளைக்கும் வந்து, 1924இல் பதுளையில் முடிந்தது. இந்த முப்பது, நாற்பது வருஷத்துக்குள் ஊவாவின் மலைகளுக்கு நம்பர் போட்டு முடித்துவிட்டார்கள்.

தோட்டத்தில் எதை எங்கே கட்டுவது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. இன்றைக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கண்ணால் பார்க்கலாம். காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் துரை பங்களா. ரோட்டுக்கு வசதியாக இஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலை. ஆழமான நல்ல மண்ணெல்லாம் தேயிலைக்கு. தேயிலைக்கு உதவாத மிச்சத்தில் லயம். பெரட்டு என்ற காலைப் பேர்க்கணக்குக்குக் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும் என்பதால் அது மலைக்குக் கிட்ட இருக்க வேண்டும். தண்ணீருக்குக் காசு செலவழிக்கக் கூடாது என்பதால் ஊற்றுக்குக் கிட்ட இருக்க வேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்குப் பீலி என்றால் தெரியும். மலையில் ஊற்றுக் கசியும் இடத்தைப் பார்த்து ஒரு மூங்கிலைப் பிளந்து செருகினால், தண்ணீர் ஒழுங்காக விழும். பிற்காலத்தில் மூங்கிலின் இடத்தில் இரும்புக் குழாய் வந்தது, பேர் மாறவில்லை. குடிக்க, குளிக்க, துவைக்க, பிள்ளை பெற்ற வீட்டுத் துணி அலச, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலி. ஊற்று எங்கே கசியும்? மலையின் மடிப்பில், பள்ளத்தில் கசியும். அப்புத்தளை விளிம்பில் மேலே செங்குத்துப் பாறை. அந்தப் பாறையிலிருந்து ஆயிரக்கணக்கான வருஷமாக உதிர்ந்தும் சரிந்தும் வந்த கல்லும் மண்ணும் கீழே சரிவில் தங்கிக் கிடக்கிறது. பார்வைக்கு அது இதமான சரிவு. உண்மையில் முன்னொரு காலத்துச் சரிவுகளின் குவியல். மழைத் தண்ணீர் அந்தத் தளர்ந்த மண்ணுக்குள் இறங்கி, அடியில் கெட்டிப் பாறை தடுக்கும்போது வெளியே கசிகிறது. அதைத்தான் பீலி வைத்துக் குடித்தோம். மழை அளவுக்கு மிஞ்சினால் அதே தண்ணீர் மண்ணை உள்ளிருந்து தூக்கிவிடும். லயம் கட்டத் தோதான இடம் என்று துரைமார் தேர்ந்தது, மலை மறுபடியும் சரியும்போது முதலில் தேர்ந்தெடுக்கும் இடத்தை.

எங்கள் அப்பாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ஐப்பசி மழையில் பீலித் தண்ணி செம்மண்ணாக வந்தால், அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டு லயத்துக்குப் போய்விடுவாள். “பீலி கலங்குனா மலைக்கு மனசு சரியில்லேன்னு அர்த்தம்டி” என்பாள். ஊற்று திடீரென்று நின்றாலும், இல்லாத இடத்தில் புதிதாகப் பீறிட்டாலும், முன் விறாந்தையான இஸ்தோப்பின் தரை வெடித்தாலும், சவுக்கு மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் பெரியவர்களுக்குத் தெரியும். பின்னாளில் மண்சரிவு பற்றி அரசாங்கம் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தைப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கலங்கிய ஊற்று, வெடிப்பு, சாயும் மரம், எல்லாம் அதில் இருந்தது.

அப்பாயிக்கு மேட்டு லயம் ஓர் இரவுக்கு மட்டும்தான். மறுநாள் காலை பெரட்டு. திரும்பி அதே காம்பராதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு, உள்ளே அடுப்பு, மேலே தகரம். இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகாகப் பின்னாலும் ஒரு வரிசை; அதற்குச் சன்னலும் கிடையாது. அதற்குள் அப்பாயி, தாத்தா, அப்பா, அம்மா, நாங்கள். இருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். அந்தக் காலத்தில் வேலையிலிருந்து நிறுத்தும் பற்றுச்சீட்டு என்றால் ஆளுக்கு உயிர் போய்விடும். சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் சட்டி பானையோடு தோட்டத்து எல்லைக்கு வெளியே. அதற்கும் முன்னால் துண்டு முறை இருந்தது. ஆள் சேர்த்து வந்த கங்காணியின் கடன் தீர்ந்ததென்று துண்டு கிடைத்தால்தான் வேறு தோட்டம் போகலாம். 1921இல் அதை ஒழித்தார்கள். கடன் போன பிறகும் காணி வரவில்லை.

ஊவா ஆட்கள் இதையெல்லாம் வாய் பொத்திப் பார்த்திருந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. 1940இல் பதுளையை ஒட்டிய வேவஸ்ஸைத் தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சிக்காரரின் துணையோடு தொழிலாளர் சங்கம் கட்டி, தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு சபையை வைத்தார்கள். அந்தச் சபையைக் கலந்து நடப்பதாகத் துரையே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களை ஆட்கள் பறித்துக்கொண்டதும் அங்கேதான். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கூட இருந்ததில்லை. நான் வாய்ச்சொல்லாகவே சொல்லிக்கொடுத்தேன்.

எட்டே வருஷத்தில் அந்த ஆட்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை வெளியே நிறுத்தியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் தலைகளைப் பங்கு போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்குப் பங்கு விழுந்தவர்களை ஏற்றிக்கொண்டு பதுளைக் கோட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரெயிலை நாங்கள் ஒப்பாரிக் கோச்சி என்போம். அப்புத்தளை ஸ்டேசனில் அதைப் பார்த்தவர்களுக்கு வேறு பேர் தோன்றாது. எங்கள் சித்தப்பா குடும்பமும் அதில்தான் போனது. மேடையிலிருந்து கையைப் பிடித்தபடி கூடவே ஓடிய சித்தியின் தாயார், கோச்சி வேகம் எடுத்த பிறகும் கையை விடவில்லை; போட்டர் ஒருவர் வந்து பிரித்தார். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம். மண்டபத்தில் கொஞ்ச நாள். பிறகு கோத்தகிரியிலோ கூடலூரிலோ மறுபடியும் தேயிலை.

அவர்கள் போன மறுநாளே அந்தக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. ஒரு லயத்தின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம். கிராமத்தில் வீடு ஒரு குடும்பத்தின் பெயரில் நிற்கும். கிழவர்கள் யாரையாவது கேட்டால் நாலு தலைமுறை சொல்வார்கள். லயத்தில், தோட்டத்துப் பேரேடான செக்ரோலில் இருக்கும் நம்பர்தான் நிற்கிறது.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடியும் தனியார் கம்பனிகளுக்குப் போய், பின்னால் நீண்டகாலக் குத்தகையானது. வெள்ளைத்துரை போய்க் கறுப்புத்துரை வந்தார். கூட்டுத்தாபனப் பலகை போய்க் கம்பனிப் பலகை வந்தது. லயம் நின்ற இடத்திலேயே நின்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது. அடையாள அட்டை கிடைத்தது, வாக்குக் கிடைத்தது. முகவரி என்ற இடத்தில் தோட்டத்துப் பெயரையும் பிரிவையும் எழுதினோம். வீட்டு இலக்கம், தெருப் பெயர் எதுவும் எழுத எங்களிடம் இருக்கவில்லை.

மீரியபெத்தையில் இருந்தவர்களும் இப்படி வந்தவர்களே. கொழுந்து எடுத்து, கவ்வாத்து வெட்டி, கொந்தரப்பு என்ற ஒப்பந்தத்துக்குப் புல் வெட்டி, லயத்துப் பின்னால் கொஞ்சம் மரக்கறி போட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை ஊவாவில் கச்சான் காற்று. வறண்ட அந்தக் காற்றில் செடி வாடி, கொழுந்தில் ஒரு தனி வாசனை ஏறும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்தது அந்தச் சில வாரக் கொழுந்துதான். அந்த மாதங்களில் உதடு வெடித்து, கை வெடித்து எடுப்பார்கள். மாசியில் காமன் ஊன்றித் தப்படித்து ரதி மதன் ஆடுவார்கள். ஐப்பசியில் தீபாவளி முற்பணம் எடுத்துப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்குவார்கள்; அது மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுப்படும். மேற்கு மலைகளுக்கு மழை வைகாசி, ஆனியில். எங்களுக்கோ ஐப்பசி, கார்த்திகையில். தீபாவளி முடிந்த கையோடு ஊவாவில் வானம் இறங்கிவிடும்.

அந்த மலை ஆபத்தானது என்று தெரியாமல் இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் மீரியபெத்தையில் இருப்பவர்கள் வேறிடம் போக வேண்டும் என்று எச்சரித்திருந்தது. விபத்துக்குப் பிறகு எல்லோரும் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள்: சொன்னோம், அவர்கள் போகவில்லை. இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கும். எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச்சஸ் நிலம் கிடையாது. லயத்தை விட்டால் வேலை போகும் என்ற பயம் நாலு தலைமுறையாக ரத்தத்தில் ஊறியது. தோட்டத்துக் காணி கம்பனி கையில். கம்பனிக்குக் கொடுத்தது அரசாங்கம். பிரதேச சபையோ தோட்டத்துக்குள் காசு செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டத்தைத் திருத்தியதே 2018இல்தான். எழும்பிப் போ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இதோ உன் நிலம், இங்கே வந்து இரு என்று சொன்னவர் யாரும் இல்லை. அப்படி ஒரு துண்டு நிலத்தைக் காட்டியிருந்தால் எங்கள் பெண்கள் அன்றைக்கே அடுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்கள்.

2014இல் தீபாவளி ஒக்டோபர் 22ஆம் திகதி. அதிலிருந்து சரியாக ஒரு வாரம், புதன்கிழமை காலை, ஏழரை மணியளவில் மலை வந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த நேரம். லயங்களோடு கோயிலும் போயிற்று. முதல் நாட்களில் காணாமல் போனவர்கள் முந்நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள். கடைசியில் நாற்பதுக்குள் வந்து நின்றது. அந்தத் தொகை ஏறி இறங்கியதைப் பற்றித்தான் எனக்கு நெடுநாள் யோசனை. ஒரு கிராமம் புதைந்தால் அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்று அன்று மாலைக்குள் சொல்ல முடிய வேண்டும். நூற்றைம்பது வருஷம் ஆட்களை ஒவ்வொரு நாளும் காலையில் பேர் கூப்பிட்டு எண்ணிய தோட்டங்களில், இறந்தவர்களை எண்ணத்தான் யாரிடமும் சரியான கணக்கு இல்லை. இராணுவம் இயந்திரங்களோடு வந்து தோண்டியது. மழை விடவில்லை. பலர் இன்னும் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள். மீரியபெத்தையை நான் தோட்டம் என்று சொல்வதில்லை, மயானம் என்றுதான் சொல்வேன். பாடசாலையிலிருந்து திரும்பிய பிள்ளைகளில் சிலருக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை.

தப்பியவர்களைப் பாடசாலைகளில் வைத்து, பிறகு மக்கல்தெனியத் தேயிலை இஸ்டோர் ஒன்றில் கொண்டுபோய் வைத்தார்கள். கொப்பி, பென்சில் கட்டி எடுத்துக்கொண்டு நாங்கள் சில ஆசிரியர்கள் போனோம். பெரிய மண்டபத்தைப் பலகையாலும் சேலையாலும் மறித்துக் குடும்பத்துக்கு ஒரு பங்கு. லயத்திலாவது நடுவில் சுவர் இருந்தது. ஒரு சிறுமி எனக்கு அவள் பங்கைக் காட்டினாள்: ஒரு பாய், ஒரு சூட்கேஸ், சுவரில் ஆணியில் பாடசாலைச் சட்டை. “டீச்சர், இங்க பீலி இல்ல, டேங்கிதான்” என்றாள். இரண்டு வருஷம் போனது. 2016 ஒக்டோபரில் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளித்தார்கள். வீடுகள் நல்ல வீடுகள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மலையகத்தில் வீட்டுக்கு நிலமாக அப்போது பேசப்பட்ட அளவு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்று கணக்குப் போட்டால் ஓர் ஏக்கரில் இருபத்திரண்டு குடும்பத்துக்குக் கொடுத்து மிச்சமும் வரும். ஊவாவில் தேயிலை அழிந்து காடாய்க் கிடக்கும் ஏக்கர்களைப் பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிய கேள்வியாகத் தோன்றாது.

2023 மார்ச்சில், மீரியபெத்தைக்குக் கிட்ட, பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் உடைந்தன. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் முழுக்க மலைகள் பிளந்தன. அந்த இரவுகளிலும் வானொலியில் அதே அறிவித்தல்: அபாய வலயத்தில் இருப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். பாடசாலைக்குப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள். பாடசாலை திறக்க வேண்டும் என்ற நாள் வந்ததும் வெடித்த சுவருக்குள் திரும்பினவர்களை எனக்குத் தெரியும்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது ஆசிரியர்களாகவும் கிராம உத்தியோகத்தர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் லயம் லயமாக ஒரு குறிப்பேடு எழுதி வருகிறேன். லயம் எந்த மலைக்குக் கீழே, பீலி எந்தப் பக்கம், கடைசியாகத் தண்ணீர் கலங்கியது எந்த மழையில், தரை எங்கே வெடித்திருக்கிறது, எத்தனை குடும்பம், ஒவ்வொருவர் பெயர், வயது. கடைசிப் பத்தியில், கிட்டடியில் தேயிலை இல்லாமல் தரிசாகக் கிடக்கும் சமதரை எது, அது எத்தனை ஏக்கர் என்று எழுதுகிறோம். ஒவ்வொரு தோட்டமும் முடிந்ததும் ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி பிரதேச சபைக்கும் போகிறது. பாதியளவு தோட்டங்கள் இன்னும் மிச்சம்.